கீழ்த்தாடை எலும்பைப் படிப்பது பரீட்சைக்கு மட்டும்தானா?

பெப்ரவரி 24, 2024. வாசகி ஒருவரின் கேள்வி

"டொக்டர், எனக்கு உப்புவெளி. பேராதனையில் பல் மருத்துவம் படிக்கிறேன், இரண்டாம் வருடம். இப்போது லீவில் வீட்டில் நிற்கிறேன். கீழ்த்தாடை எலும்பை மூன்று தரம் படித்துவிட்டேன். எந்தக் கோடு, எந்தத் துளை, எந்தத் தசை என்று கேட்டால் ஒப்புவிப்பேன். ஆனால் ஸ்பொட் தேர்வில் எலும்பைக் கையில் தந்து இது என்ன என்று கேட்டால் தலை வெறுமையாகிவிடுகிறது. சீனியர் அண்ணா ஒருவர் 'இதெல்லாம் பரீட்சை வரைக்கும்தான், கிளினிக்கில் எலும்பை யார் பார்க்கப் போகிறார்கள்' என்கிறார். உண்மையா?"

பெப்ரவரி 24, இரவு

உண்மையில்லை, பிள்ளை. இருபத்தேழு வருடமாகத் திருகோணமலையில் பல் பார்க்கிறேன். அந்த எலும்பை நினைக்காமல் ஒரு நாளும் ஊசி எடுத்ததில்லை. கிளினிக்கில் எலும்பை யாரும் பார்ப்பதில்லை என்பது சரிதான். கண்ணால் பார்க்க முடியாததால்தான் அதை இவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது.

புத்தகத்தை மூடு. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார். எலும்பு உன் முகத்திலேயே இருக்கிறது.

காதுத் துவாரத்துக்கு முன்னால் ஒரு விரல் தள்ளிச் சுட்டுவிரலை வை. வாயைத் திற, மூடு. விரலுக்கடியில் ஒன்று உருண்டு, பிறகு முன்னால் வழுக்கிப் போய்த் திரும்பி வருகிறதே, அது கொண்டைலின் தலை, தாடை மண்டையோட்டோடு பொருந்துகிற முனை. உருளுவது ஒரு அசைவு, வழுக்குவது இன்னொரு அசைவு. மெதுவாகத் திறந்தால் இரண்டையும் பிரித்து உணரலாம். அங்கிருந்து ரேமஸின், அதாவது தாடையின் நிமிர்ந்த பின்பகுதியின், பின் விளிம்பு வழியே கீழே இறங்கு. காதுமடலுக்குக் கீழே அது வளைகிற இடம்தான் கோணம். இப்போது பல்லை இறுகக் கடி. விரலுக்கடியில் திரண்டு வருவது மசெற்றர் தசை. அந்தத் தசையின் முன் ஓரம் எலும்பின் கீழ் விளிம்பைத் தொடுகிற இடத்தில் மெல்ல அழுத்து. துடிக்கும். முகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் ஃபேஷியல் ஆர்ற்றரி அந்த இடத்தில்தான் விளிம்பைத் தாண்டி மேலே ஏறுகிறது. அப்படியே முன்னால் வந்தால் நாடி. (வைத்தியர் பிடித்துப் பார்க்கும் நாடியைச் சொல்லவில்லை, நம் ஊர் நாடி, மோவாய்.) அந்த மேடு மனிதனுக்கு மட்டும் உரியது. குரங்கினங்களின் தாடை அந்த இடத்தில் பின்னோக்கிச் சரிந்துவிடும்.

இனி வாய்க்குள். கொடுப்புக்குள் சிரிப்பது என்கிறோமே, அந்தக் கொடுப்புக்குள் விரலை விட்டு, கடைவாய்ப் பற்களின் சொக்கைப் பக்கமாகப் பின்னால் தள்ளு. ஒரு வரப்பு தட்டுப்படும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ரேமஸின் முன் விளிம்பு வரும். அது உள்வளைந்து குழிவாக இருக்கும் இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள். நாளைக்கு உன் ஊசிக்கு அதுதான் வழிகாட்டி.

இன்னும் இரண்டு விஷயம். தலையில் அசைகிற எலும்பு இது ஒன்றுதான். அடுத்து மென்டல் ஃபொராமென்: இரண்டு முன்கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, அல்லது இரண்டாவதற்கு நேர் கீழே, முன்னோக்கித் திறக்கும் துளை.

பெப்ரவரி 25

அரை எலும்பைத் தந்தால் வலதா இடதா என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். கொண்டைலைப் பின்னுக்கு மேலே பிடி. வழவழப்பான வெளிப்பக்கம், அதாவது மென்டல் ஃபொராமென் தெரிகிற பக்கம், வெளியே பார்க்கட்டும். உள்பக்கத்துச் சாய்ந்த வரப்பும் ரேமஸில் உள்ள மற்றத் துளையின் வாயும் இருக்கும் பக்கம் நாக்கைப் பார்க்க வேண்டும். அப்படிப் பிடித்து உன் தாடையோடு ஒட்டிப் பார். எந்தப் பக்கம் பொருந்துகிறதோ அதுதான். மனப்பாடம் தேவையில்லை.

பெப்ரவரி 26

வாசகர் ஒருவர் இரண்டு பிழைகளைக் காட்டியிருக்கிறார். இரண்டும் பிழைதான்.

முதலாவது: மென்டல் ஃபொராமென் முன்னோக்கித் திறப்பதில்லை. வளர்ந்தவரில் அதன் வாய் பின்னோக்கி, கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும். எலும்புக்குள் முன்னால் வந்துகொண்டிருந்த நரம்பு அந்த இடத்தில் பின்னுக்குத் திரும்பி வெளியே வருகிறது. எலும்பு கையில் இருந்தால் ஒரு மெல்லிய ஈர்க்கை எடுத்துச் செருகிப் பார். பின்னாலிருந்து முன்னால்தான் போகும். அவசரத்தில் திசையை மாற்றி எழுதிவிட்டேன். மேலேயுள்ள குறிப்பை அழிக்கவில்லை, திருத்தத்தோடு சேர்த்தே வாசிக்கட்டும். கிளினிக்கில் ஊசியைத் துளைக்குள் நுழைக்க வேண்டிய தேவையில்லை. வாயருகே மருந்தை விட்டு விரலால் இரண்டு நிமிடம் அழுத்தினால் உள்ளே இறங்கும். நுழைக்கப் போனால் நரம்பைத்தான் குத்துவோம்.

இரண்டாவது: அசைகிற எலும்பு இது ஒன்றுதான் என்றேன். காதுக்குள் மூன்று சிற்றெலும்புகள் அசைகின்றன. அவர் சொன்னதும் இதை எப்படி விட்டேன் என்றிருந்தது, ஏனென்றால் அந்த மூன்றில் இரண்டு கீழ்த்தாடையின் உடன்பிறப்புகள். கருவில் முகமும் கழுத்தும் உருவாகும் வளைவுகளில் முதலாவதுக்குள் ஒரு குருத்தெலும்புக் கம்பி ஓடுகிறது. யோஹான் ஃப்ரீட்ரிச் மெக்கெல் 1820-இல் விவரித்ததால் மெக்கெல் குருத்தெலும்பு என்று பெயர். தாடை எலும்பு அந்தக் கம்பியிலிருந்து உருவாவதில்லை. அதன் வெளிப்பக்கத்துச் சவ்வில், ஆறாவது கிழமையளவில், பிற்பாடு மென்டல் ஃபொராமென் வரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் உருவாகத் தொடங்குகிறது. உடம்பில் காறை எலும்புக்கு அடுத்ததாக எலும்பாகத் தொடங்குவது இதுதான். கம்பியின் பெரும்பகுதி கரைந்து போகிறது. பின் நுனி மட்டும் காதுக்குள் மல்லியஸ், இன்கஸ் என்ற இரண்டு சிற்றெலும்புகளாக மிஞ்சுகிறது. இடையில் ஒரு துண்டு நாராகி, மண்டையோட்டிலிருந்து இறங்கி லிங்குலா என்ற சின்ன நாக்கில் வந்து பிடித்துக்கொள்கிறது. அந்த லிங்குலாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், பிறகு.

பெப்ரவரி 29

இன்று சந்தையில் ஆட்டுத்தலை வாங்கினேன். சமைக்கவும்தான். தாடையை மட்டும் தனியாக அவித்துத் தரச் சொன்னபோது வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை, பழகிவிட்டது.

நன்றாக அவிந்ததும் இரண்டு பக்கத்தையும் பிடித்து மெல்ல இழுத்தேன். நாடிப் பக்கத்தில் இரண்டாகக் கழன்று வந்தது. முறியவில்லை, கழன்றது. ஆட்டில் அந்தப் பொருத்து வாழ்நாள் முழுக்க நாராகவே இருப்பதால் அவித்தால் விட்டுவிடும். மனிதக் குழந்தையும் அப்படி இரண்டு பாதியோடுதான் பிறக்கிறது. ஆனால் முதல் வருடத்திலேயே பொருந்தத் தொடங்கி இரண்டாம் வருடத்துக்குள் ஒன்றாகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் அவித்தாலும் பிரியாது.

இதைக் கையால் செய்து பார்த்தால் ஒரு பழைய பிழை எங்கிருந்து வந்தது என்று புரியும். பண்டைய ரோமில் வாழ்ந்த மருத்துவர் கேலன் மனிதக் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று எழுதினார். அவர் அறுத்துப் படித்தது மிருகங்களை. ஆயிரம் வருடத்துக்கு மேலாக அந்த எழுத்தே நின்றது. 1200-ஐ ஒட்டி எகிப்தில் கொடும் பஞ்சம் வந்தபோது அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி என்ற மருத்துவர் குவிந்து கிடந்த எலும்புகளைப் போய்ப் பார்த்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மண்டையோடுகள். ஒன்றிலும் பொருத்து இல்லை, ஒரே எலும்புதான் என்று எழுதிவைத்தார். ஐரோப்பாவில் 1543-இல் வெசாலியஸ் என்ற உடற்கூற்றியலாளர் அதையே சொன்னார். கேலனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் கையில் இருந்ததை அவர் சரியாகத்தான் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எலும்பை எடுத்துப் பார்க்காமல் அவர் எழுத்தைப் படித்தார்கள். உன் சீனியர் அண்ணாவுக்கு இதைக் காட்டு.

ஆட்டின் கொண்டைலையும் பார். தட்டையாக இருக்கும். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்கின்றன, கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் நின்று ஒன்றின் வாயைக் கவனி. கீழ்த்தாடை ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி அரைக்கும். தட்டையான தலை இருப்பதால்தான் அப்படி வழுக்க முடிகிறது. நாயின் கொண்டைல் கதவுப் பிணைச்சல் போன்ற ஒரு உருளை, திறக்கும் மூடும், அவ்வளவுதான். நமக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைத்திருக்கிறது.

மார்ச் 4

லிங்குலா.

எலும்பை உள்பக்கமாகத் திருப்பி ரேமஸைப் பார். கிட்டத்தட்ட நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி ஒரு துளை வாய். மன்டிபியூலர் ஃபொராமென். அதன் முன் ஓரத்தில் சின்ன நாக்குப் போல நீட்டிக்கொண்டு நிற்பது லிங்குலா. ஸ்பிக்ஸ் என்பவர் விவரித்ததால் ஸ்பிக்ஸின் முள் என்றும் சொல்வார்கள். துளையிலிருந்து கீழே முன்னால் ஒரு மெல்லிய வாய்க்கால் இறங்கும், அது மைலோஹயோயிட் நரம்பின் பாதை. கீழ்ப் பற்கள் எல்லாவற்றுக்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு இந்தத் துளைக்குள்தான் இறங்குகிறது. இறங்குவதற்கு முன் அதன் பக்கத்தில் மருந்தை விட்டால் அந்தப் பக்கத்துக் கீழ்ப் பற்கள் முழுக்க, உதடு, நாடி எல்லாம் விறைக்கும். 1884, 85 காலத்தில் அமெரிக்காவில் ஹோலும் ஹால்ஸ்டெட்டும் கொக்கெய்னை வைத்து இதைச் செய்தார்கள். மருந்து மாறிவிட்டது. இடம் அதேதான்.

லேசான ஊசி இல்லை இது. மேல்தாடை எலும்பு மெல்லியது, பல்லுக்குப் பக்கத்தில் போட்டால் மருந்து ஊறிப்போகும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் எலும்பு தடித்து இறுகியிருப்பதால் ஊறாது. ஆகவே நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலிலேயே போய்ப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வாசல்.

எப்படிப் பிடிக்கிறேன் என்று சொல்கிறேன். பெருவிரல் ரேமஸின் முன் விளிம்புக் குழிவில். மற்ற விரல்கள் வெளியே பின் விளிம்பில். இரண்டுக்கும் இடையில் ரேமஸின் அகலம் முழுதும் என் கையில் இருக்கிறது. துளை அதன் நடுவுக்குச் சற்றுப் பின்னால். சிரிஞ்சை எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேலிருந்து கொண்டுவருகிறேன். 20 முதல் 25 மில்லிமீற்றர் உள்ளே போனதும் நுனி எலும்பில் மெல்ல முட்ட வேண்டும். அந்த முட்டல்தான் எனக்குக் கிடைக்கும் ஒரே செய்தி. சீக்கிரமே முட்டிவிட்டால் நுனி முன்னால் நிற்கிறது: கொஞ்சம் இழுத்து, சிரிஞ்சின் பின்பக்கத்தை முன்பற்கள் பக்கம் கொண்டுவந்து மறுபடி போ. முட்டவேயில்லை என்றால் நுனி பின்னால் போய்விட்டது: இழுத்து, பின்பக்கத்தைக் கடைவாய்ப் பற்கள் பக்கம் கொண்டுபோ. முட்டாமல் மருந்தை விடாதே. ஒருபோதும் விடாதே.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? முதல் நியமனத்தில், ஒரு சின்ன ஊர் வைத்தியசாலையில், பள்ளிக்கூடம் முடித்த ஒரு பெடியனுக்குச் சூத்தைப்பல் பிடுங்க ஊசி போட்டேன். எலும்பு முட்டவில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது, இருக்கட்டும் என்று மருந்தை விட்டேன். ஐந்து நிமிடத்தில் அவனுடைய ஒரு பக்க முகம் சரிந்துவிட்டது. கண்ணை மூடச் சொன்னால் ஒரு கண் மூடவில்லை. உதடு மட்டும் விறைக்கவில்லை. மருந்து ரேமஸைத் தாண்டிப் பின்னாலுள்ள பரொட்டிட் என்ற எச்சில் சுரப்பிக்குள் போய், அதற்குள் ஓடும் முக நரம்பை விறைக்கச் செய்துவிட்டது. சில மணி நேரத்தில் தானாக மீளும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அவன் தாய் அழுதுகொண்டு முன்னால் நிற்கும்போது புத்தகம் கைகொடுக்காது. கண்ணை ஈரப்பஞ்சால் மூடி, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மற்ற நோயாளிகளைப் பார்த்தேன். பின்னேரம் நாலரைக்கு அவன் சிமிட்டினான். அன்றிரவு விடுதியில் எலும்பை எடுத்து, ரேமஸின் பின் விளிம்புக்கு அப்பால் ஒரு ஊசியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எலும்பு முடிகிற இடம் அவ்வளவு கிட்ட இருக்கிறது.

மார்ச் 5

நேற்று எழுதிய 20, 25 என்ற கணக்கைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சராசரி உடம்புக்கு. ரேமஸ் ஒடுங்கிய சின்ன உருவப் பெண்களில் அதற்கு முன்பே முட்டும். அகலத்தை முதலில் விரலால் பிடித்துப் பார்க்கச் சொன்னது அதனால்தான். பிள்ளைகளில் துளை கீழே இருக்கும், பல் அரைக்கும் மட்டத்துக்குச் சமமாக அல்லது அதற்கும் கீழே. வளர வளர ரேமஸ் உயர்ந்து துளையும் மேலே போகும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களுக்குப் போடும் உயரத்தில் போட்டால் மருந்து வீண்.

மார்ச் 11

கோணேசர் நகர்வலம் என்பதால் இரண்டு நாள் பின்னேரக் கிளினிக் இல்லை. காலையில் மட்டும் திறந்தேன். வந்தவர்களில் ஒரு ஆச்சி, எழுபத்தெட்டு வயது. பல் ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கட்டிய பல்செட்டைத் துணியில் சுற்றிக் கையில் கொண்டுவந்திருந்தா.

"மோனை, இதைப் போட்டுச் சோறு மென்றால் உதட்டில் கரண்ட் அடிக்குது. கழற்றினால் நிக்குது."

விரலை விட்டுத் தடவினேன். முரசின் மேல், செட் உட்காருகிற உச்சியிலேயே, முன்கடைவாய்ப் பல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அழுத்தியதும் ஆச்சி துள்ளினா. "அதுதான், அதுதான்." என் விரல் மென்டல் ஃபொராமெனிலிருந்து வெளியே வரும் மென்டல் நரம்பின் மேல் இருந்தது.

பிள்ளை, உன் புத்தகத்தில் அந்தத் துளை எலும்பின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் சரி நடுவில் இருக்கும். ஆச்சியில் அது உச்சியில் இருக்கிறது. பிறந்த குழந்தையில் கீழ் விளிம்புக்குக் கிட்ட இருக்கும். படம் போட்டவர் இருபத்தைந்து வயதுத் தாடையைப் போட்டார். துளை இடம் மாறவில்லை. அதற்கு மேலுள்ள எலும்புதான் மாறுகிறது. பல் முளைக்கும்போது பல்லைப் பிடிக்க எலும்பு எழும்புகிறது, பல் போனால் பிடிக்க ஒன்றுமில்லாமல் கரைகிறது. பல் போன தாடையில் தேய்வது அந்த மேல் பாதிதான், கீழ் விளிம்பு அப்படியே நிற்கும்.

செட்டின் உள்பக்கத்தில் அந்த இடத்துக்கு மை தடவி அடையாளம் வைத்துச் சுரண்டிக் குழி விட்டுக் கொடுத்தேன். கதிரையில் இருந்தபடியே பையிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக் கடித்துப் பார்த்தா. இரண்டு பக்கமும் மென்றா. பிறகு ஒன்றும் சொல்லாமல் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனா. அவ விரல் போனது என் ரேமஸின் மேல்.

மார்ச் 14

திருத்தம். "துளை இடம் மாறவில்லை" என்று முந்தாநாளைக்கு முதல்நாள் எழுதியதை இரவு யோசித்தேன். மேல் கீழாகப் பார்த்தால் அது பொருந்தும், ஏறியதும் தேய்ந்ததும் எலும்பின் கரை. முன் பின்னாகப் பார்த்தால் பொருந்தாது. சின்னப் பிள்ளையில் அந்தத் துளை முதல் பாற்கடைவாய்ப் பல்லின் கீழே கிடக்கிறது. வளர்ந்தவரில் இரண்டாவது முன்கடைவாய்ப் பல்லின் கீழ் வரைக்கும் பின்னால் போய்விடுகிறது. பற்களோடு ஒப்பிட்டால் அது நகர்ந்துதான் இருக்கிறது. ஆகவே "உயரத்தில்" என்ற சொல்லைச் சேர்த்து வாசியுங்கள்.

கோணத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையில் நன்றாக விரிந்திருக்கும், ரேமஸ் தாடையின் கிடையான உடற்பகுதியோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் படுத்திருக்கும். வளர்ந்தவரில் 110 முதல் 120 பாகை. மெல்லும் தசைகள் இழுத்து இழுத்து அதை நிமிர்த்துகின்றன.

மார்ச் 19

மூதூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: கீழ்க் கடைவாய்ப்பல் வலியைப் பொறுத்துக்கொண்டே இருந்தாராம், இப்போது கழுத்தோடு வீங்குகிறதாம், கிராம்புத் தைலம் தடவலாமா என்று கேட்கிறார். ஐயா, தயவுசெய்து இதை வாசித்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். இன்றைக்கே.

மற்றவர்களுக்குக் காரணம் சொல்கிறேன். எலும்பின் உள்பக்கத்தில் பின்னால் மேலிருந்து முன்னால் கீழே ஒரு வரப்பு சரிந்து வருகிறது. மைலோஹயோயிட் கோடு. வாயின் தரையாக இருக்கும் தசை அதில் பிடித்திருக்கிறது. கோட்டுக்கு மேலே வாய், கீழே கழுத்து. கோடு சரிந்திருப்பதால் முன் பற்களின் வேர் நுனிகள் அதற்கு மேலேயும், இரண்டாம் மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் அதற்குக் கீழேயும் விழும். அதனால்தான் பின்பல்லின் சீழ் உள்பக்க எலும்பை உடைத்துக்கொண்டு வந்தால் நேரே கழுத்துப் பக்கத்தில் இறங்குகிறது. அது இரண்டு பக்கமும் பரவி நாக்கை மேலே தூக்கி மூச்சை அடைக்கும் நிலைக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர், லுட்விக் 1836-இல் விவரித்தது. நான் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் வாய் திறந்தபடியே இருந்தது, எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கின் அடி மரப்பலகை போல இறுகியிருந்தது. கதிரையில் சாய்க்கக்கூடப் பயந்து, உட்கார்ந்தபடியே அம்புலன்ஸில் ஏற்றினேன்.

இரண்டு விரற்கடை நீளமுள்ள ஒரு வரப்பு. எந்தப் பக்கம் வேர் நுனி விழுந்தது என்பதுதான் வித்தியாசம்.

மார்ச் 20

மூதூர் ஐயா வைத்தியசாலையில் சேர்ந்துவிட்டார் என்று மகன் எழுதியிருக்கிறார். பல்லைப் பிடுங்கி, கீறிச் சீழ் எடுத்தார்களாம். நல்லது.

வெற்றிலை பற்றிக் கேட்டவருக்கு: ஆம், பாக்கு வாயின் உட்சதையை நாராக இறுக்கும். வருடக்கணக்கில் போட்டவர்களில் சிலருக்கு இரண்டு விரல் கூட நுழையாது. இத்தகையவர்களுக்கு மார்ச் 4-இல் எழுதிய முறை உதவாது, வாய் திறந்தால்தானே பெருவிரலை வைக்க? 1977-இல் அக்கினோசி எழுதிய முறையில் வாயை மூடியபடியே, மேல் முரசின் மட்டத்தில் சிரிஞ்சைப் படுக்கையாகப் பிடித்து ரேமஸின் உள்பக்கமாகப் போகலாம். அதில் எலும்பு முட்டாது. முட்டாமல் மருந்தை ஒருபோதும் விடாதே என்றேன் அல்லவா, அந்தப் பேச்சு வாய் திறந்து போடும் ஊசிக்கு மட்டும். இதில் ஆழத்தைக் கண்ணால் அளந்துதான் நிறுத்த வேண்டும். எலும்பின் வடிவம் மனதில் இல்லாதவர் இதைத் தொடக்கூடாது.

மார்ச் 23

கரைவலைக்குப் போகிற ஒருவர், முப்பது வயதிருக்கும். ஈர வள்ளத்தில் வழுக்கி அணியத்தில் நாடி அடிபட விழுந்தாராம். நாடியில் வெட்டுக்காயம், ஒரு இடத்தில் தைத்துவிட்டிருந்தார்கள். மூன்று நாள் கழித்து என்னிடம் வந்தது பல்லுக்காக: "முன்பல் ஒன்றோடொன்று தொடுகுதில்லை, டொக்டர். சோறு கடிக்க ஏலாது."

கடிக்கச் சொன்னேன். பின்பற்கள் முதலில் முட்டின, முன்னால் இடைவெளி. பெப்ரவரி 24-இல் உனக்குச் சொன்னதுபோல இரண்டு சுட்டுவிரலையும் காதுக்கு முன்னால் வைத்துத் திறக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒன்றும் உருளவில்லை. வலியில் கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

அடி விழுந்தது நாடியில், முறிந்தது காதடியில், அதுவும் இரண்டு பக்கமும். தாடை ஒரு வளையம் மாதிரி, இரண்டு முனையும் மண்டையோட்டில் பொருந்தியிருக்கிறது. முன்னால் விழும் அடி இரண்டு பக்கமும் பின்னால் ஓடி, மிக மெல்லிய இடமான கொண்டைலின் கழுத்தில் போய் முடிகிறது. அணிவகுப்பில் வெயிலில் நின்று மயங்கி நாடி அடிபட விழும் சிப்பாய்களில் இதைக் கண்டதால் ஆங்கிலேயர் காவல்படைச் சிப்பாயின் முறிவு என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கழுத்து மெல்லியதாக இருப்பது ஒரு வகையில் காப்பும்கூட. அது முறியாவிட்டால் கொண்டைல் மேலே மண்டையோட்டின் அடியில் போய் இடிக்கும்.

எக்ஸ்றே எடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்பினேன். நாடியைத் தைத்தவர் இரண்டு விரலைக் காதுக்கு முன்னால் வைத்திருந்தால் மூன்று நாள் முந்தியே தெரிந்திருக்கும். எனக்கு அது இன்னும் மனதில் உறுத்துகிறது. முன்னால் காயம் கண்டால் பின்னால் தேடு. ஒரு முறிவைக் கண்டால் இரண்டாவதைத் தேடு.

மார்ச் 30

உப்புவெளிப் பிள்ளை பேராதனைக்குத் திரும்பிவிட்டா. கந்தளாய் தாண்டியதிலிருந்து தம்புள்ள வரைக்கும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு தன் தாடையைத் தடவிக்கொண்டே போனாவாம், பக்கத்தில் இருந்த அம்மா பல்வலியா என்று கேட்டு இஞ்சித் துண்டு கொடுத்தாவாம். கேள்வி ஒன்றும் அனுப்பியிருக்கிறா: உதடு முழுக்க விறைத்தபிறகும் சிலருக்கு முதல் கடைவாய்ப்பல் மட்டும் ஏன் வலிக்கிறது?

நல்ல கேள்வி. பதில் மார்ச் 4-இல் சொன்ன அந்த மெல்லிய வாய்க்காலில் இருக்கிறது. பற்களுக்கான நரம்பு துளைக்குள் நுழைவதற்கு மேலேயே மைலோஹயோயிட் நரம்பு அதிலிருந்து பிரிந்துவிடுகிறது. பெரும்பாலும் அது தசைக்கான நரம்பு. ஆனால் சிலரில் அதிலிருந்து ஒரு கிளை உள்பக்க எலும்பு வழியாகப் பல்லுக்கும் போகிறது. நீ வாசலில் போட்ட மருந்து ஏற்கெனவே பிரிந்து போன அந்தக் கிளையைத் தொடவில்லை. பல்லின் நாக்குப் பக்கத்தில், வேர் நுனி மட்டத்தில், கொஞ்சம் மருந்து விடு. அடங்கிவிடும். 1973-இல் கவ்-கேற்ஸ் எழுதிய முறையில் இந்தத் தொல்லை குறைவு. அவர் கொண்டைலின் கழுத்தடிக்கே போய் நரம்பு பிரிவதற்கு முன் பிடிக்கிறார்.

என் எலும்புப் பெட்டியைக் கேட்டிருக்கிறாய். எனக்கு அது ஒரு அக்காவிடமிருந்து வந்தது, அவவுக்கு இன்னொருவரிடமிருந்து. யாருடைய எலும்பு என்று எங்கள் யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் அந்த வாயால் பேசியிருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார். மேசையில் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்காதே. முழுத் தாடை ஒன்று, பல் இல்லாத அரைத் தாடை ஒன்று இருக்கிறது. அரைத் தாடையில் துளை எங்கே இருக்கிறது என்று பெட்டியைத் திறந்ததும் முதலில் பார், ஆச்சி நினைவுக்கு வருவா.

சனிக்கிழமை தெரிந்த பிள்ளை ஒருவர் கண்டிக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கொண்டைல்களுக்குப் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். எடுக்கும்போது கழுத்தில் பிடித்துத் தூக்காதே, நாடியில் பிடி.